மெயின்ஃபிரேம் கோப்புகளைக் கட்டி அனுப்புவது எப்படி: எக்ஸ்மிட் முதல் டெர்ஸ் வரை முழுமையான வழிகாட்டி

காட்பாடி ஜங்ஷனில் இரண்டு விதமான ரயில்பாதைகள் சந்தித்த காலம் ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை போவது அகலப்பாதை. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாக வந்தது மீட்டர்கேஜ். ஒன்றில் ஓடும் வேகன் மற்றொன்றில் ஓடாது. சரக்கை இறக்கி மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மூட்டையாகக் கட்டி, மேலே அடையாளம் எழுதி வந்த சரக்கு அப்படியே போய்ச் சேரும். கட்டாமல் கொட்டி வந்த சரக்கு மாற்றும் இடத்திலேயே சிந்தும்.

மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியிலிருந்து லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ கோப்பு அனுப்புவதும் இப்படிப் பாதை மாறும் வேலைதான். காட்பாடி காந்தி நகரில் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறேன். சனிக்கிழமைகளில் ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கமிருந்து மெயின்ஃபிரேம் கற்றுக்கொள்ளும் தம்பிகளும் தங்கைகளும் வருகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு யூசர் ஐடி காட்பாடி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், எது தொலைகிறது?

லினக்ஸில் ஒரு கோப்பு என்பது பைட்டுகளின் நீண்ட வரிசை. வரி எங்கே முடிகிறது என்பதும் உள்ளேயே ஒரு பைட்டாக இருக்கிறது. மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் அப்படி இல்லை. அங்கே கோப்புக்கு டேட்டாசெட் என்று பெயர், அதன் உருவம் உள்ளடக்கத்துக்கு வெளியே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ரெக்கார்டும் ஒரே நீளமா, வெவ்வேறு நீளமா என்று சொல்வது ரெக்எஃப்எம். எத்தனை பைட் என்று சொல்வது எல்ரெக்எல். ரெக்கார்டுகளைச் சேர்த்து டிஸ்க்கில் ஒரே தடவையில் எழுதும் கட்டு எத்தனை பைட் என்று சொல்வது பிளாக்சைஸ். பிடிஎஸ், அதாவது மெம்பர் எனும் சிறு கோப்புகள் பல அடங்கிய லைப்ரரி, ஆக இருந்தால் ஒரு டைரக்டரியும் உண்டு. அதில் மெம்பர் பெயர்களும், கடைசியாக யார் எப்போது திருத்தினார் என்று ஐஎஸ்பிஎஃப் (மெயின்ஃபிரேமில் திருத்தும் திரை) எழுதி வைத்த விவரமும் இருக்கும். லோட் மாட்யூல், அதாவது ஓடத் தயாரான நிரல், என்றால் மாற்றுப் பெயர்களும், உள்ளே எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் சேரும்.

பைட்டுகளை மட்டும் எடுத்து வெளியே கொண்டு வந்தால் இவை எல்லாம் அங்கேயே நின்றுவிடும். மண்டித் தெருவில் மூட்டையின் மேல் எழுதிய பெயரையும் எடையையும் அழித்துவிட்டு லாரியில் ஏற்றுவது போல. அதனால், உருவத்தையும் உள்ளடக்கத்தையும் மெயின்ஃபிரேமிலேயே ஒரே மூட்டையாகக் கட்டிவிட வேண்டும். வழியில் யாரும் பிரிக்கக் கூடாது. மறுபடி மெயின்ஃபிரேமில் இறங்கிய பிறகுதான் பிரிக்க வேண்டும். இதுவரை நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை மீறியதால் வந்தவைதான்.

படி 1: இருப்பைக் கணக்கெடுங்கள்

அனுப்பவேண்டிய ஒவ்வொரு டேட்டாசெட்டுக்கும் மெயின்ஃபிரேமில் கட்டளை அடிக்கும் இடமான டிஎஸ்ஓவில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

லிஸ்ட்டிஎஸ் 'காட்பாடி.கோபால்.சோர்ஸ்'

ரெக்எஃப்எம், எல்ரெக்எல், பிளாக்சைஸ், டேட்டாசெட்டின் வகை நான்கும் வரும். பிடிஎஸ் என்றால் மெம்பர் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிஜமான நோட்டைத்தான் சொல்கிறேன். வேலை நடுவில் திரை போய்விட்டால் அதுதான் கை கொடுக்கும்.

அப்புறம் உள்ளடக்கத்தைப் பாருங்கள். கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் எழுதிய சோர்ஸ், ஜாப்பை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல், ரெக்கார்டின் புலங்களை விவரிக்கும் காப்பிபுக் போன்றவை வெறும் எழுத்துகள். தரவுக் கோப்புகளில் பேக்டு டெசிமலும் பைனரி எண்களும் கலந்திருக்கும். லோட் லைப்ரரி முழுக்கவே இயந்திரக் குறியீடு. விசாம் என்ற கோப்பு வகை தனி ஜாதி, அதைக் கடைசியில் பார்ப்போம்.

தரவுக் கோப்பை அனுப்பும்போது அதன் காப்பிபுக்கையும் அதே கட்டில் சேர்த்து அனுப்புங்கள். இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் மாவட்டத்தையே பாருங்கள். 1989-இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஒரு பழைய கோப்பில் மாவட்டக் குறியீடு என்று இரண்டு இலக்கம் இருந்தால், அது எந்த ஆண்டின் வட ஆர்க்காடு என்பதை அந்தக் காலத்துக் காப்பிபுக்கும் அதில் எழுதிய குறிப்பும்தான் சொல்லும்.

படி 2: டெக்ஸ்டா, பைனரியா?

மெயின்ஃபிரேம் எப்சிடிக் எழுத்துமுறையில் பேசுகிறது. வெளியுலகம் ஆஸ்கியில் பேசுகிறது. ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில் சொன்னால், ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ எப்சிடிக்கில் சி1, ஆஸ்கியில் 41. இடைவெளி அங்கே 40, இங்கே 20. எஃப்டிபியை டெக்ஸ்ட் முறையில் விட்டால் ஒவ்வொரு பைட்டையும் ஓர் அட்டவணையைப் பார்த்து மாற்றிக்கொண்டே போகும். அந்த பைட் எழுத்தா, எண்ணின் ஒரு பகுதியா என்று அதற்குத் தெரியாது.

இதனால் என்ன நடக்கும் என்பதை ஒரே ஓர் எண்ணை வைத்துக் காட்டுகிறேன். 123 ரூபாய் 45 பைசா. கோபாலில் காம்ப்-3 என்று, அதாவது பேக்டு டெசிமலாக, அறிவித்தால் இது மூன்றே பைட்டில் அடங்கும்:

12 34 5சி

ஒவ்வொரு பைட்டிலும் இரண்டு இலக்கம். கடைசி பாதியில் இருக்கும் சி என்பது கூட்டல் குறி. இதை டெக்ஸ்ட் முறையில் எடுத்தால், வழக்கமான லத்தீன்-1 அட்டவணைப்படி 12 மாறாது, 34 என்பது 94 ஆகும். 5சி என்பது எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி. ஆஸ்கியில் நட்சத்திரம் 2ஏ. ஆக, வந்து சேர்வது:

12 94 2ஏ

இதைப் படிக்கும் நிரலுக்கு எல்லாமே செல்லுபடியான இலக்கங்களாகத்தான் தெரியும். ஏ என்பதும் ஏற்கத்தக்க கூட்டல் குறிதான். 123.45 ரூபாய் 129.42 ரூபாய் ஆகிவிட்டது. பிழைச் செய்தி வராது, மணி அடிக்காது. மாறிய இலக்கம் செல்லாததாக இருந்து, அந்தக் கோப்பு மெயின்ஃபிரேமுக்கே திரும்பியிருந்தால் எஸ்0சி7 என்ற தரவுப் பிழையோடு ஜாப் விழுந்திருக்கும். அப்படி விழுவது நல்லது, தப்பு உடனே தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காப்பீட்டுப் பிரீமியம் கோப்பை நான் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். பெயர்களும் முகவரிகளும் அழகாகத் தெரிந்தன. அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் கூட்டுத்தொகை ஒத்துப்போகாமல், ஒவ்வொரு பாலிசியாக உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்கு ராத்திரி காட்பாடி வந்து இறங்கும்போது கடைசி டவுன் பஸ்ஸும் போய்விட்டிருந்தது. அப்போதிலிருந்து, எழுத்து மட்டும்தான் என்று என் கண்ணால் பார்த்து உறுதி செய்யாத எதையும் டெக்ஸ்ட் முறையில் எடுப்பதில்லை.

ஆக விதி இதுதான். வெளியே உள்ள கணினியில் யாராவது படிக்கவோ திருத்தவோ போகிறார்கள், உள்ளே வெறும் எழுத்துதான் இருக்கிறது என்றால் டெக்ஸ்ட். மற்ற எல்லாவற்றுக்கும் மூட்டை, அதுவும் பைனரியில்.

படி 3: எக்ஸ்மிட் மூட்டை கட்டுவது

டிஎஸ்ஓவில் உள்ள டிரான்ஸ்மிட் கட்டளையைத்தான் எல்லோரும் எக்ஸ்மிட் என்கிறோம். உண்மையில் இது ஒரு பயனரிடமிருந்து மற்றொரு பயனருக்கு டேட்டாசெட் அனுப்புவதற்காக வந்தது. ஆனால் நெட்வொர்க்கில் அனுப்பாமல் ஒரு டேட்டாசெட்டுக்குள் எழுதச் சொல்லலாம். நமக்கு வேண்டியது அதுதான்.

எக்ஸ்மிட் ஏ.பி டிஏ('காட்பாடி.கோபால்.சோர்ஸ்') அவுட்டிஏ('காட்பாடி.கோபால்.எக்ஸ்எம்ஐ')

ஏ.பி என்பது போகவேண்டிய கணினியும் பயனரும். கோப்புக்குள் எழுதும்போது அங்கே என்ன போட்டாலும் சரி. பிடிஎஸ் என்றால் எக்ஸ்மிட் உள்ளுக்குள் ஐஈபிகாப்பி நிரலைக் கூப்பிட்டு, டைரக்டரியோடு மொத்தமாக இறக்கி எழுதிவிடும். 300 மெம்பர் இருந்தாலும் ஒரே கட்டளை.

கிடைக்கும் மூட்டை எப்போதும் எஃப்பி (ஒரே நீள ரெக்கார்டுகள்), எல்ரெக்எல் 80, பிளாக்சைஸ் 3120. உள்ளே இருக்கும் டேட்டாசெட் எந்த உருவத்தில் இருந்தாலும் வெளிமூட்டை 80 பைட் ரெக்கார்டுகள்தான். பழைய பஞ்ச் கார்டின் 80 பத்திகள் இன்னும் நம்மோடு வருகின்றன.

ஒரு எக்ஸ்மிட்டில் ஒரு டேட்டாசெட்தான் போகும். சோர்ஸ், காப்பிபுக், ஜேசிஎல், லோட் என்று நான்கு லைப்ரரிகளைச் சேர்த்து அனுப்ப வேண்டுமா? நான்கையும் தனித்தனியாக எக்ஸ்மிட் செய்யுங்கள். எஃப்பி 80 உள்ள ஒரு புது பிடிஎஸ்ஸில் அந்த நான்கையும் மெம்பர்களாகக் காப்பி செய்யுங்கள். ஐந்தாவது மெம்பராக, எது எது என்று விளக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள். பிறகு அந்தப் பெரிய பிடிஎஸ்ஸை எக்ஸ்மிட் செய்யுங்கள். மூட்டைக்குள் மூட்டை. சிபிடி டேப் என்று மெயின்ஃபிரேம்காரர்கள் கொண்டாடும் இலவச நிரல் தொகுப்பில் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். 1975-இல் கனெக்டிகட் பேங்க் அண்ட் டிரஸ்ட் வங்கியில் வேலை பார்த்த ஆர்னால்ட் காசிங்கினோ தொடங்கி வைத்தது அது. இன்றும் அதன் கோப்புகள் பெரும்பாலும் ஜிப்புக்குள் எக்ஸ்மிட்டாகத்தான் கிடைக்கின்றன.

படி 4: பாதையைக் கடப்பது

லினக்ஸ் கணினியிலிருந்து எஃப்டிபியில் உள்ளே போனதும் முதல் வார்த்தை பைனரி. மூட்டையை எடுக்கும்போது வேறு எதுவும் வேண்டாம்:

பைனரி
கெட் 'காட்பாடி.கோபால்.எக்ஸ்எம்ஐ' கோபால்.எக்ஸ்எம்ஐ

ஒற்றை மேற்கோள் குறிகளைக் கவனியுங்கள். அவை இல்லாவிட்டால் நீங்கள் இருக்கும் இடத்தின் பெயரை, வழக்கமாக உங்கள் ஐடியை, முன்னால் ஒட்டிக்கொண்டு காட்பாடி.காட்பாடி.கோபால் என்று தேடும். கிடைக்கவில்லை என்று சொல்லும்.

உள்ளே அனுப்பும்போதுதான் சிக்கல். நாம் சொல்லாவிட்டால் மெயின்ஃபிரேம் எஃப்டிபி புது டேட்டாசெட்டைத் தன் இயல்புக்கு, பெரும்பாலும் வீபி (வெவ்வேறு நீள ரெக்கார்டுகள்) 256 என்று, உருவாக்கிவிடும். 80 பைட் மூட்டை அதற்குள் கண்டபடி வெட்டுப்பட்டுப் போய் உட்காரும். அதனால் அனுப்பும் முன் சொல்லிவிடுங்கள்:

பைனரி
குவோட் சைட் ரெக்எஃப்எம்=எஃப்பி எல்ரெக்எல்=80 பிளாக்சைஸ்=27920
குவோட் சைட் சிலிண்டர்ஸ் பிரைமரி=15 செகண்டரி=5
புட் கோபால்.எக்ஸ்எம்ஐ 'காட்பாடி.கோபால்.எக்ஸ்எம்ஐ'

27920 எங்கிருந்து வந்தது? 3390 டிஸ்க்கில் அரை டிராக்குக்கு 27998 பைட். அதற்குள் அடங்கும் 80-இன் பெரிய மடங்கு 27920. ஒரு டிராக்குக்கு இரண்டு பிளாக், ஒரு சிலிண்டருக்கு 15 டிராக், ஆக ஒரு சிலிண்டருக்கு 8,37,600 பைட். 10 எம்பி மூட்டைக்கு 13 சிலிண்டர் வேண்டும். கொஞ்சம் கூடவே கேளுங்கள். இடம் போதாமல் பி37 என்று பாதியில் நின்றால் திரும்ப முதலிலிருந்து.

பல இடங்களில் இப்போது வெறும் எஃப்டிபியை மூடிவிட்டு எஸ்எஃப்டிபி மட்டும் வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான், பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியும்படி கம்பியில் போகாது. ஆனால் இசட்/ஓஎஸ்ஸோடு வரும் ஓப்பன்எஸ்எஸ்எச் எஸ்எஃப்டிபிக்குப் பொதுவாக டேட்டாசெட் தெரியாது, இசட்/ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கும் யூனிக்ஸ் பக்கத்துக் கோப்புகள்தான் தெரியும். நடுவில் ஒரு கை மாற்ற வேண்டும். யூனிக்ஸ் ஷெல்லில்:

சிபி -பி "//'காட்பாடி.கோபால்.எக்ஸ்எம்ஐ'" கோபால்.எக்ஸ்எம்ஐ

இந்த -பி பெரிய எழுத்து, பைனரி என்று பொருள். திரும்ப வரும்போது எஃப்பி 80 டேட்டாசெட்டை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிட்டு இதே கட்டளையை இடம் மாற்றிக் கொடுங்கள். இன்னொன்று, மூட்டைக்கு எஸ்சிபி பயன்படுத்தாதீர்கள். இசட்/ஓஎஸ்ஸில் எஸ்சிபி எல்லாவற்றையும் எழுத்து என்று எண்ணி மாற்றிவிடும். எஸ்எஃப்டிபி இயல்பாகவே பைனரி. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

படி 5: மூட்டை முழுசாக வந்ததா?

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியம், இரண்டு நிமிடம் கூட ஆகாது.

முதலில் கோப்பின் அளவு. எக்ஸ்மிட் மூட்டை 80-ஆல் மீதமில்லாமல் வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் ஒன்று டெக்ஸ்ட் முறையில் வந்திருக்கிறது, அல்லது பாதியில் அறுந்திருக்கிறது.

அடுத்து முதல் எட்டு பைட். லினக்ஸில் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையால் கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் பைட் ஒரு நீளம். இரண்டாவது ஈ0. அதற்குப் பின்னால் இந்த ஆறும் வரிசையாக இருக்க வேண்டும்:

சி9 டி5 டி4 டி9 எஃப்0 எஃப்1

இது எப்சிடிக்கில் ஐஎன்எம்ஆர்01. ஒவ்வொரு எக்ஸ்மிட் மூட்டையின் நெற்றியிலும் இந்தப் பெயர் இருக்கும். வலப்பக்கம் ஐஎன்எம்ஆர்01 என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே படிக்க முடிகிறதா? அப்படியானால் கெட்டுப்போய்விட்டது என்று பொருள், ஏனென்றால் யாரோ ஆஸ்கிக்கு மாற்றிவிட்டார்கள். போன மாதம் குடியாத்தத்துத் தம்பி ஒருவன், "அண்ணா, சூப்பரா படிக்க முடியுது" என்று சந்தோஷமாகத் திரையைக் காட்டினான். "படிக்க முடியக் கூடாதுப்பா, அதுதான் பிரச்சினை" என்றேன். அவனுக்கு அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டது.

மாறிப்போன மூட்டையைத் திரும்ப எப்சிடிக்குக்கு மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வழியில் வரிமுடிவுகள் சேர்ந்திருக்கும், ரெக்கார்டின் பின்னால் இருந்த இடைவெளிகள் உதிர்ந்திருக்கும். மறுபடியும் பைனரியில் எடுப்பதுதான் வழி.

யூனிக்ஸ் பக்கம் வழியாகப் போனால் இரண்டு முனையிலும் சிகேசம் கட்டளையைக் கொடுத்து எண் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். இசட்/ஓஎஸ்ஸிலும் லினக்ஸிலும் அந்தக் கணக்கு ஒரே முறைதான்.

படி 6: பிரிப்பது

மறு மெயின்ஃபிரேமில் இறங்கியதும்:

ரெசீவ் இண்டிஏ('காட்பாடி.கோபால்.எக்ஸ்எம்ஐ')

என்ன டேட்டாசெட், யார் அனுப்பியது என்று ஒரு வரி வரும். அடுத்து மீட்பு விவரம் கேட்கும். அங்கே வேண்டிய புதுப் பெயரைக் கொடுங்கள்:

டிஏ('காட்பாடி.புதுசு.கோபால்')

அவசரத்தில் வெறும் என்டர் தட்டாதீர்கள். தட்டினால் பழைய பெயரையே உங்கள் ஐடியின் கீழ் எடுத்துக்கொள்ளும், ஏற்கெனவே வைத்திருக்கும் லைப்ரரியோடு மோத வாய்ப்புண்டு. மூட்டைக்குள் மூட்டை என்றால், முதலில் பெரியதைப் பிரித்து, பிறகு ஒவ்வொரு மெம்பரையும் அடைப்புக்குறிக்குள் பெயர் கொடுத்துத் தனியாக ரெசீவ் செய்யுங்கள்.

மெயின்ஃபிரேம் கைவசம் இல்லாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவேண்டுமா? விண்டோஸில் எக்ஸ்மிட் மேனேஜர் என்ற சிறு நிரல் இருக்கிறது. மூட்டையைத் திறந்து மெம்பர் பட்டியலைக் காட்டும், எழுத்து மெம்பர்களைப் படிக்கவும் வெளியே எடுக்கவும் விடும்.

பெரிய சரக்குக்கு டெர்ஸ்

எக்ஸ்மிட் சுருக்காது. சில இடங்களில் அதற்கு ரெக்கார்டு எண்ணிக்கை வரம்பும் போட்டிருப்பார்கள். பெரிய கோப்புகளுக்கு, சுருக்கிக் கட்டும் நிரலான ஏஎம்ஏடெர்ஸ் (டெர்ஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு டிஆர்எஸ்மெயின் என்று தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இசட்/ஓஎஸ் 1.9-இலிருந்து கூடவே வருகிறது. ஐபிஎம் உதவி மையத்துக்கு டம்ப் அனுப்பியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஜேசிஎல்லில் பிஜிஎம் இடத்தில் ஏஎம்ஏடெர்ஸ், பார்ம் இடத்தில் ஸ்பேக். சிஸ்யூடி1 உள்ளே வருவது, சிஸ்யூடி2 வெளியே போவது, சிஸ்பிரிண்ட் செய்திகளுக்கு. பேக் என்றால் வேகமாக முடியும். ஸ்பேக் என்றால் இன்னும் இறுக்கமாகச் சுருங்கும், ஆனால் சிபியு நேரம் அதிகம் தின்னும். பிரிக்க அன்பேக். வெளியே வரும் கோப்பு எஃப்பி, எல்ரெக்எல் 1024. ஆக இங்கே அளவு 1024-ஆல் வகுபட வேண்டும். மேலே சொன்ன சைட் வரியில் எல்ரெக்எல் 1024, பிளாக்சைஸ் 27648 என்று மாற்றிக்கொண்டால் போதும். இதுவும் பைனரிதான்.

விசாம் கோப்புகளை எக்ஸ்மிட்டும் எடுக்காது, டெர்ஸும் எடுக்காது. அதற்கு ஏடிஆர்டிஎஸ்எஸ்யூ என்ற நிரல் எடுக்கும் டம்ப் (மொத்தப் பிரதி) வேண்டும். டேட்டாசெட் இன்க்ளூட் என்று காட்பாடி.** (புள்ளிக்குப் பின் இரண்டு நட்சத்திரம்) கொடுத்தால் அந்தப் பெயரில் தொடங்கும் அத்தனையும், விசாம் உட்பட, ஒரே டம்ப்பில் வந்துவிடும். ஆனால் அந்த டம்ப்பை நேரே எஃப்டிபியில் விடாதீர்கள். அது பிளாக் பிளாக்காக எழுதப்பட்டது, பிளாக் எங்கே முடிகிறது என்ற கணக்கு வழியில் போய்விடும், ரெஸ்டோர் ஆகாது. டம்ப் எடுத்து, அதை டெர்ஸ் செய்து, பைனரியில் அனுப்பி, அங்கே அன்பேக் செய்து, பிறகு ரெஸ்டோர். ஒரு முழு அப்ளிகேஷனை இடம் மாற்றும்போது நான் இந்த வழியைத்தான் எடுக்கிறேன்.

எழுத்தாகவே வேண்டும் என்றால்

சோர்ஸைக் கிட் (Git) என்ற பதிப்புக் கருவியில் போட வேண்டும், விஎஸ் கோடில் திருத்த வேண்டும் என்பதுதான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். அதற்கு மூட்டை உதவாது. மெம்பர் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாக வரவேண்டும். எஃப்டிபியில் பிடிஎஸ்ஸுக்குள் சிடி செய்து ஆஸ்கி முறையில் எம்கெட் கொடுக்கலாம். மெயின்ஃபிரேமை வெளியிலிருந்து கையாளும் சோவே என்ற கருவி வைத்திருந்தால் அதில் எல்லா மெம்பர்களையும் ஒரே கட்டளையில் இறக்கலாம், கோப்புப் பெயருக்குப் பின்னால் எந்த நீட்சி வேண்டும் என்றும் சொல்லலாம். யூனிக்ஸ் பக்கத்துக் கோப்புகள் என்றால் பாக்ஸ் கட்டளையிலேயே, கட்டும்போதே ஐபிஎம்-1047-இலிருந்து ஐஎஸ்ஓ8859-1-க்கு மாற்றச் சொல்லலாம்.

நான்கு இடங்களில் கண் வையுங்கள். ஒன்று, சதுர அடைப்புக்குறி. 1047 அட்டவணையில் ஓர் இடத்திலும் 037 அட்டவணையில் வேறு இடத்திலும் இருக்கிறது. சி நிரல்கள் இதில்தான் கெடும், அதனால் இரண்டு பக்கமும் ஒரே அட்டவணைதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு, கோபாலில் 73 முதல் 80 வரை வரிசை எண்கள் இருக்கலாம். அவற்றைக் கிட்டில் போட்டால் ஒவ்வொரு வரியும் மாறியதாகக் காட்டும். மூன்று, டேப் எழுத்து. எடிட்டரில் இடைவெளிகளாக மாற்றிவிட்டே அனுப்புங்கள், இல்லாவிட்டால் கோபால் பத்திகள் நகர்ந்துவிடும். நான்கு, 80-ஐத் தாண்டிய வரி. திரும்ப ஏற்றும்போது சர்வரின் அமைப்பைப் பொறுத்து வெட்டுப்படும் அல்லது அடுத்த ரெக்கார்டுக்கு மடியும். ஏற்றும் முன்பே நீண்ட வரிகளைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

வீபி தரவுக் கோப்பைப் பைனரியில் எடுத்து லினக்ஸில் ஒரு நிரலால் படிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு ரெக்கார்டின் முன்னாலும் அதன் நீளத்தைச் சொல்லும் நான்கு பைட், ஆர்டிடபிள்யூ, இருக்கிறது. எஃப்டிபி அதை இயல்பாக உதறிவிடும். உதறிவிட்டால் ஒரு ரெக்கார்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எடுக்கும் முன் குவோட் சைட் ஆர்டிடபிள்யூ என்று கொடுங்கள். முதல் இரண்டு பைட்டில் உள்ள நீளத்தில் அந்த நான்கு பைட்டும் சேர்த்தி என்பதை நிரல் எழுதும்போது மறக்காதீர்கள்.

தமிழில் எழுதிய பெயர்கள் இருந்தால் டெக்ஸ்ட் முறையை மறந்துவிடுங்கள். யூடிஎஃப்-8-இல் வேலூர் என்ற சொல் மட்டும் 18 பைட். எப்சிடிக் அட்டவணையில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. 20 பைட் ஊர்ப் பெயர்ப் புலத்தில் வேலூர் அடங்கும், வாணியம்பாடி நடுவெழுத்தில் அறுந்துபோகும். அப்படிப்பட்ட கோப்பைப் பைனரியாகவே கொண்டுபோய், பைனரியாகவே வைத்திருந்து, தமிழ் தெரிந்த கணினியில் மட்டும் திறக்க வேண்டும்.

வீட்டில் பழகிப் பார்க்க

ஆபீஸ் மெயின்ஃபிரேமில் கை வைக்கும் முன் பழக வேண்டும் என்றால் மெயின்ஃபிரேமைப் போலவே நடந்துகொள்ளும் ஹெர்குலிஸ் எமுலேட்டர் போதும். ரோஜர் பவுலர் எழுதத் தொடங்கியது, சாதாரண லேப்டாப்பில் ஓடும். அதில் எம்விஎஸ் 3.8 (இசட்/ஓஎஸ்ஸின் பழைய முன்னோடி) வைத்த டிகே4 மைனஸ் அல்லது டிகே5 தொகுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பழைய எம்விஎஸ்ஸில் ரெசீவ் கட்டளை கிடையாது. அதே வேலையைச் செய்ய ரெக்வி370 என்ற நிரல் இருக்கிறது. ஜேசிஎல்லில் எக்ஸ்மிட்இன் (XMITIN) என்ற டிடி வரியில் மூட்டையையும், சிஸ்யூடி2-இல் பிரித்து வைக்கும் இடத்தையும் கொடுக்க வேண்டும்.

முதல் பயிற்சிக்கு சிபிடியிலிருந்து ஒரு சின்ன ஜிப்பை இறக்குங்கள். உள்ளே இருக்கும் எக்ஸ்மிட்டின் அளவை 80-ஆல் வகுத்துப் பாருங்கள், முதல் எட்டு பைட்டைப் பாருங்கள், ஏற்றிப் பிரியுங்கள். பிறகு அதே மூட்டையை வேண்டுமென்றே டெக்ஸ்ட் முறையில் ஒருமுறை ஏற்றி, எப்படிக் கெடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்தால் அப்புறம் ஆபீஸில் அந்த முகத்தைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

ஆபீஸ் வேலையில் கடைசியாகச் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. அனுப்பிய மூட்டையைத் திரும்ப வரவழைத்து, வேறு பெயரில் பிரித்து, ஐஎஸ்பிஎஃப் 3.13-இல் உள்ள சூப்பர்சி ஒப்பீட்டில் மூலத்தோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பூஜ்யம் என்று வந்து, மெம்பர் எண்ணிக்கையும் முதல் நாள் நோட்டில் எழுதியதோடு ஒத்துப்போன பிறகு மூலத்தை அழிக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம்.